கடலோரக் காரவனும் குட்டி ரயில்களும்: கார்டு மாமாவோடு வேல்ஸில் ஒரு விடுமுறை

2025 மே 24, சனி

பர்மிங்ஹாமில் கிளம்பும்போது நல்ல வெயில். வெல்ஷ்பூல் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை, திங்கட்கிழமை வங்கி விடுமுறை என்கிற பொது விடுமுறை, இரண்டும் சேர்ந்துகொண்டதால் சாலை முழுக்க கார் வரிசை. மூன்று மணி நேரத்துக்குள் போக வேண்டிய தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு வழியிலேயே, காருக்குள் உட்கார்ந்தபடியே காலியாகிவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், பத்து வயது மகன், ஏழு வயது மகள், ஏப்ரலில் போத்தனூரிலிருந்து வந்திருக்கும் மாமனார். மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை தவறிய பிறகு பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. பர்மிங்ஹாமில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதும், பேரனோடு ரயில் எண்களைப் பற்றிப் பேசுவதும்தான் அவருடைய நாள். அதனால் கடல் பக்கம் போகலாம் என்று பேச்சு வந்ததும், ரயில் பக்கத்தில் இருக்கிற கடலாகப் பார்க்கச் சொன்னான் மகன். அப்படித்தான் வேல்ஸின் மேற்குக் கரையில் டவின் என்ற சின்ன ஊர் முடிவானது.

காரவன் என்றதும் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வண்டி என்று மாமா நினைத்திருந்தார். இது ஒரே இடத்தில் நிறுத்திவைத்த தகர வீடு. இரண்டு படுக்கையறை, கூடத்துச் சோபாவை இழுத்தால் இன்னொரு கட்டில், நான்கு பர்னர் அடுப்பு, கை கால் மடக்கிக் குளிக்கிற அளவில் ஒரு குளியலறை. வாரத்துக்கு 640 பவுண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வேலிக்கு அப்பால் தண்டவாளம்.

இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் இருந்தது. இரண்டு பெட்டி டீசல் வண்டி ஒன்று கடந்து போனது. தாத்தாவும் பேரனும் ஈர வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.

மே 25, ஞாயிறு

இரவெல்லாம் காற்று. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் தூங்கி எழுவது ஒரு பழக்கம். எங்களுக்கு அது இன்னும் வரவில்லை. மகள் மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

குளிரில் தோசை மாவு பொங்கவே இல்லை. காரவன் ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாக ஓடியதில் மின்சாரம் துண்டித்துக்கொண்டது. அப்புறம் ரவை உப்புமா. மதியம் மழை விட்டபோது கடலுக்குப் போனோம். கூழாங்கல்லும் மணலும் கலந்த கரை. தண்ணீரில் கால் வைத்ததும் மாமா பின்வாங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

ஊருக்குள் ஐஸ்கிரீம் ஒன்று 3.20 பவுண்டு. கடைக்காரப் பெண்மணி மாமாவுக்கு வேண்டாம் என்று தெரிந்ததும், கேட்காமலே ஒரு கோப்பை சுடுதண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மே 26, திங்கள்

இன்று அமாவாசை. அத்தைக்குப் படைத்துவிட்டுத்தான் மாமா சாப்பிடுவார். வாழைக்காய் கிடைக்காது என்று தெரியும். சாதம், பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், சேமியாப் பாயசம் என்று திட்டம். பாயசம் கொதிக்கும் நேரத்தில் அடுப்பு அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது.

காரவனுக்கு வெளியே இரண்டு சிலிண்டர்கள் நின்றன. இரண்டாவதை மாட்ட வேண்டும். கணவரும் மாமாவும் ஸ்பேனரை வைத்துப் பலம் கொண்ட மட்டும் திருகியும் மரை நகரவில்லை. விடுமுறை நாள், காரவன் அலுவலகத்தில் யாரும் இல்லை. பக்கத்துக் காரவனில் வயதான தம்பதி. அந்தப் பெரியவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். இந்த ஊர் சிவப்பு சிலிண்டரில் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று காட்டிக் கொடுத்தார். மாற்றி முடித்ததும் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிறதா, கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

சோற்றைக் காகத்துக்கு வைக்க வேண்டும். வாசற்படியில் வைத்தால் கடற்புறாக்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அந்த வீட்டம்மா சொன்னார். அவற்றுக்குத் தீனி போடக் கூடாது என்று பலகையும் இருந்தது. எதற்காக வைக்கிறோம் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்டவாளத்து வேலியில் ஒரு தூணைக் காட்டினார். சாம்பல் கழுத்துள்ள சின்னக் காகங்கள் காலையில் அங்கேதான் உட்காரும் என்றார். மாமா அந்தத் தூணின் மேல் ஒரு கவளம் வைத்துவிட்டு விலகி நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு காகம் வந்து எடுத்தது. மாமா இரண்டு கையையும் கூப்பினார். அந்த அம்மா தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பாயசம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். மாலையில் அதே கிண்ணத்தில் பாரா பிரித் வந்தது. தேநீரில் ஊறிய உலர்ந்த திராட்சையைப் போட்டுச் செய்கிற, வேல்ஸ்காரர்களின் ரொட்டி. வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும். மாமா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மே 27, செவ்வாய்

நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே இந்த நாளுக்காகத்தான்.

டாலிலின் என்ற குட்டி ரயில் டவின் வார்ஃப் நிலையத்திலிருந்து மலைக்குள் ஏழேகால் மைல் போகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே 2 அடி 3 அங்குலம்தான். 1860களில், மலையில் வெட்டிய ஸ்லேட் கல்லைக் கீழே கொண்டுவரப் போட்ட பாதை. 1911-ல் குவாரியையும் ரயிலையும் வாங்கியவர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். குவாரி 1946-ல் மூடிய பிறகும், தான் இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி நஷ்டத்தில் ஓட்டினார். 1950 ஜூலையில் அவர் இறந்துபோனார். அந்த அக்டோபரில் ஒரு கூட்டம் நடந்தது, எங்கள் பர்மிங்ஹாமில்தான். டாம் ரோல்ட் என்பவரும் நண்பர்களும் கூட்டியது. இந்த ரயிலைச் சம்பளம் வாங்காத ஆட்களே ஓட்டலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். 1951 மே 14 அன்று வண்டி கிளம்பியது. தன்னார்வலர்கள் மீட்டு ஓட்டிய ரயில் பாதை உலகத்திலேயே இதுதான் முதல். அந்த ஆண்டு ஓடுகிற நிலையில் இருந்தது டோல்கோஹ் என்ற ஒரே ஒரு என்ஜின். 1866-ல் செய்தது. அது இன்னமும் இருக்கிறது.

இதையெல்லாம் மகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். மாமா நம்பவில்லை. "சம்பளமில்லாம கார்டு வேலை பாப்பாங்களா? டிரைவருமா?"

பாப்பார்கள். டிக்கெட் கொடுத்தவர் ஓய்வு பெற்ற நர்ஸ். கரி அள்ளிப் போட்ட பெண் கல்லூரி மாணவி. கார்டு ஒரு பள்ளிக்கூட வாத்தியார், விடுமுறை வாரத்துக்காகவே லீட்ஸிலிருந்து வந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, தொப்பி, விசில், கையில் சிவப்பும் பச்சையும் கொடி.

பெட்டிகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கதவு. காரணம் சுவாரசியமானது. பாதை போட்டு முடித்த பிறகுதான், பாலங்களின் கீழே பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை என்று அரசு ஆய்வாளர் கண்டுபிடித்தார். பாலத்தை இடித்துக் கட்டக் காசில்லை. தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, நெருக்கமான பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். அதற்குத் தக்கபடி எல்லா நடைமேடையும் ஒரே பக்கம்.

பிரின்கிளாஸில் வண்டி நின்றது. மரத்தடியில் ஒரு சின்னக் குடில், அதிலிருந்து ஒருவர் வந்து டிரைவரிடம் டோக்கனைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டார். அந்த டோக்கன் கையில் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் வண்டி நுழைய முடியாது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி முட்டாமல் இருப்பதற்கான பழைய ஏற்பாடு. மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். அப்புறம் பேரனிடம் திரும்பி, இரும்புக் குண்டாக வரும் நம் ஊர் டோக்கன், அதை மூங்கில் வளையத்தில் மாட்டி ஓடுகிற வண்டிக்கு நீட்டுவது, இரவில் அதைத் தவறவிட்ட ஒருவர் விளக்கோடு தேடியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். டோல்கோஹ் பாலம் 51 அடி உயரம், கீழே பள்ளத்தில் ஓடை, எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். மாமா டோக்கன் கதையை நிறுத்தவே இல்லை.

திரும்பும்போது அபர்கனோல்வினில் வண்டி தேநீருக்காக நிற்கும். மழை வலுத்திருந்தது. ஸ்கோனும் தேநீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மாமாவைக் காணோம். போய்ப் பார்த்தால் கடைசியில் இருந்த, கார்டு பயணம் செய்யும் பிரேக் வேனுக்குப் பக்கத்தில், நனைந்தபடி கார்டோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த ஊர் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பேசினால் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார். இங்கே அப்படி இல்லை. லோடு, பிரேக் பவர், பிளாக், செக்‌ஷன், சரிவில் எத்தனை சக்கரத்துக்குக் கைப்பிரேக் என்று இரண்டு பேரும் தடையில்லாமல் பேசினார்கள். அந்த வேனின் பக்கவாட்டில் ஒரு டிக்கெட் ஜன்னல் இருக்கிறது. அந்தக் காலத்தில் சின்ன நிலையங்களில் ஆள் கிடையாது, கார்டே இறங்கி அந்த ஜன்னல் வழியாக டிக்கெட் கொடுப்பாராம். மாமா அதைத் திறந்து மூடிப் பார்த்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. கார்டு தன் கையில் இருந்த பச்சைக் கொடியை மாமாவிடம் காட்டி, உங்கள் ஊரில் எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். மாமா வாங்கினார். முதுகு நிமிர்ந்தது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டை மட்டும் அசைத்து, மேலும் கீழுமில்லாமல் ஒரே மட்டத்தில் காட்டினார். கார்டு தலையசைத்து, கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தன் வேலையாக விசில் ஊதினார். ஏறும்போது மாமாவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆஃப்டர் யூ, கார்டு" என்றார்.

ஓய்வு பெற்று இத்தனை வருடத்துக்குப் பிறகு மாமாவை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது இன்றுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பொழுதுபோக்கு என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஒரு வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள், அதைச் செய்து ஓய்ந்த ஒருவரை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

மே 28, புதன்

மழை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி லான்பெரிஸ் போனோம், ஸ்னோடன் மலை ரயிலைப் பார்க்க. உச்சியில் காற்று அதிகம், வண்டி முக்கால் தூரம்தான் போகும் என்றார்கள். மேகத்துக்குள் போய் நிற்க அவ்வளவு காசு எதற்கு என்று மாமாவே வேண்டாமென்றார். "பல்லைப் பாத்தாப் போதும், கண்ணு."

பல் என்றால் நடுவில் இருக்கும் பல்சட்டம். இரண்டு சட்டங்களை ஒட்டி வைத்து, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வருகிற மாதிரி அமைத்தது. ஆப்ட் முறை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நம் மலை ரயில் கல்லாறு தாண்டியதும் பிடித்து ஏறுவது இதே முறையைத்தான். இங்கே 1896-ல் வந்தது, குன்னூருக்கு 1899-ல். இரண்டு இடத்துக்கும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரிலிருந்து என்ஜின்கள் வந்திருக்கின்றன. ஆனால் இங்கே சரிவு இன்னும் கடுமை: ஐந்தரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். நமக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று. மாமா ஒரு மணி நேரம் குடையோடு வேலியோரம் நின்றார்.

மதியம் ஆட்டுக்கறியும் லீக் தண்டும் போட்ட கவல் என்ற சூப், கனமான ரொட்டியோடு, 8.50 பவுண்டு. இந்தப் பயணத்தில் வெளியில் சாப்பிட்டதில் சிறந்தது. மிளகுத்தூள் மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

மே 29, வியாழன்

காலையில் வெயில் எட்டிப் பார்த்தது. டவினிலிருந்து பெரிய ரயிலில் பார்மத்துக்கு. பத்து நிமிடம் போனதும் மாமா, "சிக்னல் எங்கடா?" என்று பேரனைக் கேட்டார். பாதையோரத்தில் ஒரு சிக்னல் கம்பமும் இல்லை. டிக்கெட் பார்க்க வந்தவரிடம் கேட்டோம். இந்தக் கேம்ப்ரியன் பாதையில் 2011 முதல் எல்லாம் டிரைவரின் திரையில்தான் தெரியும், பிரிட்டனில் முதலில் இங்கேதான் கொண்டுவந்தார்கள் என்றார். நேற்று முந்தின நாள் கையில் கொடுத்த டோக்கன், இன்று திரை. இரண்டும் ஒரே ஊரில், நடந்து போகும் தூரத்தில்.

ஃபேர்போர்னுக்கு முன்னால் ஃப்ரியோக் பாறை. மலையைக் குடைந்த விளிம்பில், கடலுக்கு நேர் மேலே பாதை போகிறது. 1883-லும் 1933-லும் மண் சரிந்து என்ஜின்கள் கீழே விழுந்த இடம். இரண்டாவது விபத்துக்குப் பிறகு பாதைக்கு மேல் கான்கிரீட் கூரை கட்டியிருக்கிறார்கள். ஊட்டி மலைப் பாதையின் கல்லாறு–ஹில்குரோவ் பகுதியில் ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து வண்டி நிற்கும் செய்தியைக் கேட்டே வளர்ந்த குடும்பம் நாங்கள். வண்டி அந்தக் கூரையைத் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.

பார்மத் பாலம் 1867-ல் திறந்த மரப்பாலம். சுமார் 820 மீட்டர் நீளம். 1980-ல் கப்பல் புழுக்கள் கால்களைத் துளைத்துவிட்டதைக் கண்டுபிடித்து, பாலத்தையே கைவிடும் பேச்சு வந்ததாம். கைவிடவில்லை. 2020 முதல் 2023 வரை மரங்களை மாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். ரயிலுக்குப் பக்கத்திலேயே நடைபாதையும் உண்டு. போன மாதம்தான் பாம்பனில் புதிய பாலம் திறந்தது. 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தில் போனதை மாமா சொல்லச் சொல்ல, காற்றில் பாதி வார்த்தைதான் எங்கள் காதுக்கு வந்தது.

பார்மத்தில் மீனும் சிப்ஸும் ஒரு பொட்டலம் 13 பவுண்டு. மாமா மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ஆயிரத்தஞ்சூறுக்கு ஒரு மீனா?" என்றார். மகள் கையிலிருந்த மீனை ஒரு கடற்புறா பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போனது. அவள் அழுவதைப் பார்த்து, கடையில் இருந்த பையன் வெளியே ஓடிவந்து இன்னொரு துண்டு கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

திரும்பும் வழியில் ஃபேர்போர்னில் இறங்கினோம். அங்கேயும் ஒரு குட்டி ரயில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு அந்த ஊர்தான் மனதில் நின்றது. கடல் மட்டம் ஏறுவதால் 2054 வாக்கில் இந்த ஊரைக் காப்பதை நிறுத்திக்கொள்வது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதை ஏற்கவில்லை. கரையோர வீடு ஒன்றில் ஒருவர் ஜன்னல் சட்டத்துக்குப் புதிதாக வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

மே 30, வெள்ளி

டவினுக்கு அடுத்த நிலையம் டோன்வனாய். யாராவது இறங்க வேண்டுமென்று சொன்னால்தான் வண்டி நிற்கும். ஏற வேண்டுமென்றால் பேருந்துக்கு நீட்டுவது போலக் கை நீட்ட வேண்டும். மாமாவுக்கு இதைச் செய்து பார்க்க ஆசை. அதற்காகவே போனோம்.

இறங்கியதும் யாருமில்லாத நடைமேடை, புல், ஆடுகள், கடல். பக்கத்தில் சிதிலமான கட்டடங்கள். அது பழைய ராணுவ முகாம். 1972-ல் இடி அமின் உகாண்டாவிலிருந்து விரட்டிய ஆசியக் குடும்பங்களில் பலரை முதலில் இங்கே தங்கவைத்தார்கள். கம்பாலாவின் வெயிலிலிருந்து இந்தக் காற்றுக்கு, குளிர்காலத் தொடக்கத்தில், ஒரு பெட்டியோடு. டவின்காரர்கள் கம்பளியும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஐஸ்கிரீம் கடையில் வந்த அந்தச் சுடுதண்ணீர் ஞாபகம் வந்தது.

வண்டி தூரத்தில் தெரிந்ததும் மாமா நடைமேடை விளிம்புக்கு நல்ல தூரம் தள்ளி நின்று கையை நீட்டினார். டிரைவர் ஹாரன் அடித்து நிறுத்தினார். "எனக்காக ஒரு வண்டி நின்னுது பாத்தீங்களா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 31, சனி

பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். பக்கத்துக் காரவன் தம்பதிக்கு மீதமிருந்த பருப்புப் பொடியைக் கொடுத்தேன், எப்படிச் சாப்பிடுவது என்று எழுதியும் கொடுத்தேன்.

வெல்ஷ்பூல் நுழையும்போது சாலையோரத்திலேயே இன்னொரு குட்டி ரயில் நிலையம். 1903-ல் தொடங்கிய பாதை, அகலம் இரண்டரை அடி, நம் கால்கா–சிம்லா அளவு. பின் சீட்டிலிருந்து இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொல்லின. கணவர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் இண்டிகேட்டரைப் போட்டார்.

ஒரு வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. திரும்பி வரும்வரை தேநீர். போத்தனூரில் மாலை ஆகியிருக்கும். மாமா தன் பழைய டிரைவர் நண்பரை வீடியோவில் கூப்பிட்டு, டிக்கெட் ஜன்னல் வைத்த பிரேக் வேனைப் பற்றிச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் நம்பவில்லை. "பிரேக் வேன்ல டிக்கெட்டா? சும்மா சொல்லாதீங்கப்பா." மகன் போனைப் பிடுங்கி, எடுத்துவைத்த படங்களை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தான்.